சாயங்காலம் ஐந்து மணிக்குள்

தையற்காரியின் மகள் அன்று காலை நொண்டி நொண்டியாவது நடந்துகொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி வண்டியில் வந்த வெண்கலம், அவளால் அறவே நடக்க முடியாது என்று மூன்று தெருக்களில் அறிவித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவளால் நடக்க முடியாமல் போயிற்று. அன்றைக்கு வெயில் சுமார்தான். சந்தைக்கு வெங்காயம் வரத்துக் குறைவு.

வெண்கலம் என்பது அவருடைய குரலுக்கு ஊர் வைத்த பெயர். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவர் மனைவியே ஒரு நொடி யோசிப்பாள். மூன்று சக்கர வண்டியின் மேல் இரண்டு குழாய் கட்டி, ஜவுளிக்கடை தள்ளுபடி, காணாமல் போன பசு, குடிநீர் வராத நாள் என்று ஊருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிப் பிழைத்துவந்தார். ஜவுளிக்கடைக்கு மட்டும் ‘இன்றே கடைசி’ என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. கடை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் அவர் சொல்லப் போனது கடைக்காக அல்ல. ஊரில் குழந்தைகள் உதவிக் குழு என்று ஒன்று இருந்தது. மருந்துக்கடைக்காரர்தான் செயலாளர். புத்தகம் இல்லாத பிள்ளைக்குப் புத்தகம், பால் இல்லாத கைக்குழந்தைக்குப் பால் மாவு என்று வாளி தூக்கி வசூல் பண்ணிச் செய்துவந்தார்கள், நல்ல மனுஷர்கள்தான். இந்த முறை பட்டாணியின் கால். பட்டாணி என்றால் தையற்காரியின் ஏழு வயது மகள். வாய் ஓயாமல் பொரிந்துகொண்டே இருப்பதால் அந்தப் பெயர். இடது கால் எலும்பு வளைந்திருந்தது, அறுவை செய்ய வேண்டும். அப்பா என்று ஒருவர் இருந்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக் கிட்டப் பார்வை மங்கல், ஊசியில் நூல் கோப்பது பட்டாணியின் வேலை. முதல் நாள் வெண்கலம் உள்ளதை உள்ளபடி சொன்னார், குழந்தை நொண்டுகிறாள் என்று. வாளியின் அடிப்பாகம்கூட மறையவில்லை. மருந்துக்கடைக்காரர் வாளியைப் பார்த்தார், வெண்கலத்தைப் பார்த்தார்.

“நொண்டுறான்னு சொன்னா யாருண்ணே குடுப்பாங்க? கொஞ்சம் சேத்துச் சொல்லுங்க. நல்லதுக்குத்தானே?”

சேர்த்துச் சொல்வது வெண்கலத்துக்குக் கைவந்த கலை. மறுநாள் ‘நடக்கவே முடியாத பிஞ்சு’ என்றார். தெரு முழுக்க ‘ஐயோ பாவம்’ என்றது, வாளி நிறைந்தது. அன்று மாலையே மருந்துக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, தொண்டை கட்டிக்கொண்டால் உதவுமே என்று, கடைசி நாட்களுக்கான அறிவிப்பையும் பதிவு செய்து கொடுத்துவிட்டு வந்தார். அதில் என்ன சொன்னோம் என்பதை வீட்டுக்கு வருவதற்குள் மறந்தும் போனார்.

குழந்தைக்குக் கால் விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது அவர் பயப்படவில்லை, வருத்தப்பட்டார். சீக்குப் பிள்ளை, முற்றியிருக்கும் என்று நினைத்தார். நாலாம் நாள் வாளி மறுபடி இளைத்ததால், ‘கண் பார்வையும் மங்கி வருகிறது தாய்மார்களே’ என்று ஒரு வரியைத் தூக்கிப் போட்டார். சாயங்காலம் வசூலைக் கொடுக்கத் தையற்காரி வீட்டுக்குப் போனபோது பட்டாணி பாயில் உட்கார்ந்து ஊசியையும் நூலையும் வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள். நூல் ஊசிக் காதுக்குப் போகாமல் அவள் விரலிலேயே குத்திக் குத்தித் திரும்பியது. “மாமா, யாரோ விளக்கை அணைச்சிட்டாங்க” என்று சொல்லிவிட்டு அவர் இருந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளிச் சிரித்தாள். வெளியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெண்கலம் வசூல் பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பு மாட்டக்கூடத் தோன்றாமல் வீடு வரைக்கும் நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததையெல்லாம் மனைவி ஒருத்தியிடம்தான் சொன்னார். ஆளில்லாத மைதானத்துக்கு வண்டியை ஓட்டிப்போய், என் மீசை நீலம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் பார்த்தார். சாயங்காலமும் மீசை கறுப்பாகவே இருந்தது. சந்தைக்கு நடுவில் போய், குழந்தை துள்ளி ஓடுகிறாள், கண் கண்ணாடி மாதிரித் தெளிவாகிவிட்டது என்று சொன்னார். ‘அப்புறம் எதுக்குய்யா வாளி?’ என்று சிரித்தார்கள். பட்டாணிக்கு ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவர் சொல்வதைத் தெரு நம்பினால்தான் பலிக்கும். கெட்டதைச் சொன்னால் மறுபேச்சில்லாமல் நம்புகிறது, நல்லதைச் சொன்னால் சிரிக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் பட்டாணிக்குப் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு வளைவைத் தவிர ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வெண்கலம் தொண்டைக்கட்டு என்று பொய் சொல்லி வீட்டோடு இருந்துவிட்டார். கனவில்கூடப் பேசிவிடக் கூடாதே என்று வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தார்.

திங்கள்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அடுத்த தெருவிலிருந்து அவருடைய குரல் கேட்டது. அவர் வாயில் நுரை இருந்தது, குரலோ கணீரென்று, விம்மலும் ஏற்ற இறக்கமுமாக வந்துகொண்டிருந்தது. ‘அன்பான பெரியோர்களே, இந்தப் பச்சிளம் மலருக்கு இன்னும் மூன்றே நாள்! புதன்கிழமை சாயங்காலத்துக்குள் நீங்கள் கை கொடுக்காவிட்டால்...’ வெண்கலம் நுரையோடு ஓடினார். வாடகை வண்டியில் யாரோ ஒருவன் பதிவைப் போட்டுவிட்டு வெற்றிலை மென்றுகொண்டே ஓட்டிப் போய்க்கொண்டிருந்தான். பிடித்து நிறுத்தி, பாட்டுப்பெட்டியிலிருந்த பதிவு அட்டையைப் பிடுங்கிக் காலில் போட்டு மிதிப்பதற்குள் சந்தையும் நாலு தெருவும் முடிந்திருந்தன. வாசலுக்கு வாசல் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் இதற்கு முன் எதையும் அவ்வளவு மனசார நம்பியதில்லை.

அன்று மாலை பட்டாணியின் உள்ளங்கை சில்லிட்டது. செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் அசைவற்றுப் போனாள். மூச்சு மட்டும் வந்து போனது, அதையும் மூக்கருகே விரல் வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. தையற்காரி அழவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கையைத் தைத்து, பிரித்து, மறுபடியும் அதையே தைத்தாள். “காலைல பேசிட்டிருந்தாண்ணா, திடீர்னு பாதியில நிறுத்திட்டா. என்ன சொல்ல வந்தான்னே தெரியல” என்றாள். வாயோயாத பிள்ளை அப்படிக் கிடந்ததை வெண்கலத்தால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் முட்டிக்கொண்டார். தாங்க முடியாத பயம் அவருக்கு. தன் நாக்கைப் பார்த்தே பயந்தார்.

“முட்டிக்கிட்டா ஆச்சா? உங்க வாயால கட்டினது, உங்க வாயாலயே அவுத்து விடுங்க” என்றாள் மனைவி.

“நல்லது சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்களே.”

“நல்லது சொல்ல வேணாம். நீங்க ஒரு பொய்யன்னு சொல்லுங்க. அதையாவது நம்புறாங்களான்னு பாப்போம்.”

சொல்லிவிட்டால் அப்புறம் பிழைப்பு ஏது என்று இரண்டு பேருக்குமே தெரியும். பொய்யன் குரலை எந்தக் கடைக்காரன் கூலிக்கு எடுப்பான்? மனைவி வண்டியில் அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெருத்தெருவாகப் போய், ‘நான் பொய்யன், குழந்தையைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய்’ என்று கத்தினார். விபரீதம் பாருங்கள், ஊர் அவருக்கும் சேர்த்துப் பரிதாபப்பட்டது. குழந்தை நிலைமையைப் பார்த்து மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். ஒரு பெண்மணி வண்டியை நிறுத்தி மோர் கொடுத்தாள். அன்று இரவு வெண்கலத்துக்கு நிஜமாகவே கொஞ்சம் பேதலித்தது. பல் விளக்கும் குச்சியால் தலை சீவப் போனார். மனைவிதான் பிடுங்கி வைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குச் சந்தை நடுவில் வண்டியை நிறுத்தியபோது அவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தொண்டை கிழிந்திருந்தது. எதிரே ஜவுளிக்கடை திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், ஒலிவாங்கியை எடுத்தார்.

“பதினோரு வருஷமா இன்றே கடைசி, இன்றே கடைசின்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? அந்தக் கடை இதோ இருக்கு! நாளைக்கும் இருக்கும்! ஒரு நாளும் கடைசி நாள் இல்ல!”

ஒரு கிழவர் தன் மேல்சட்டையைக் குனிந்து பார்த்தார். ஓர் அம்மாள், மழையில் விழுந்தடித்து ஓடிப்போய்க் கடைசி நாளில் வாங்கிய போர்வையை நினைத்துக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில் ‘இன்றே கடைசி’யில் ஏமாறாத ஆள் ஒருவர்கூட இல்லை. முதல் செருப்பு இடது பக்கக் குழாயில் பட்டது. அடுத்தது தோளில். ‘அடப்பாவி, அப்ப குழந்தை விஷயமும் டூப்புதானா!’ என்று யாரோ கத்தியதும் வெண்கலத்துக்கு உயிர் திரும்பி வந்தது. ‘ஆமாம், டூப்பு, டூப்பு’ என்று அழுதுகொண்டே தலையாட்டினார். தக்காளி பட்டது, முட்டைக்கோஸ் பட்டது. அவர் குனியவில்லை. எல்லாத் தெருவுக்கும் போனார், எல்லாத் தெருவிலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். சிலர் வாளியில் போட்டதைத் திருப்பிக் கேட்டு மருந்துக்கடையை முற்றுகையிட்டார்கள். ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தையற்காரி வீட்டு வாசலில் வண்டி நின்றது. உள்ளே போக அவருக்குத் தைரியம் வரவில்லை. மனைவிதான் போனாள். ஐந்து மணி தாண்டி வெகுநேரம் கழித்து, உள்ளேயிருந்து பட்டாணியின் குரல் கேட்டது. நேற்று பாதியில் விட்ட வாக்கியத்தை அவள் முடித்துக்கொண்டிருந்தாள். அது பூனை பற்றியது.

உயிர் தங்கியது, அவ்வளவுதான். காலும் கண்ணும் போனது போனபடியே இருந்தன, பொய்யன் சொல் இனி எதையும் மாற்றாது என்பதால். வெண்கலம் கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். தினமும் காலையில் பட்டாணிக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து, தையற்காரிக்கு அன்றைக்கு வேண்டிய ஊசிகளிலெல்லாம் நூல் கோத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். இருபத்து மூன்றாம் நாள் அவளுடைய இடது கால் சுண்டு விரல் அசைந்தது. அவர் பார்த்தார். தானாகவேதான் அசைந்தது, இதில் யாருடைய வாயும் இல்லை. மாலையே வண்டியைத் துடைத்து எடுத்தார். வாளி இல்லை. ‘பட்டாணிக்கு இன்று சுண்டு விரல் அசைந்தது’ என்று ஒரே வரி. ‘விரல்கள்’ என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தானிலேயே கட்டைவிரலை வைத்திருந்தாள்.

இதை ஊர் நம்பியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை எட்டுப் பேர் தையற்காரி வீட்டுக்கு வந்துவிட்டார்கள், இந்தப் பொய்யனைக் கையும் களவுமாகப் பிடிக்க. அதுவரை அந்த வாசலை மிதித்தவர் குழுவில்கூட இரண்டே பேர்தான். வந்தவர்கள் குனிந்து உட்கார்ந்து சுண்டு விரலையே பார்த்தார்கள். அது அசைந்தது. நம்பினார்கள். பார்த்துக்கொண்டிருந்தபோது கூரையிலிருந்து ஒருவர் பிடரியில் தண்ணீர் சொட்டியது, அவர் கொத்தனார், மறுநாள் ஓடு கொண்டுவந்தார். ஒருத்தி தையல் இயந்திரத்தின் பெல்ட் அறுந்து கயிறு கட்டியிருந்ததைப் பார்த்தாள். அடுத்த நாள் வெண்கலம் இரண்டாம் விரல் என்றார். பதினாறு பேர் சரிபார்க்க வந்தார்கள். நம்பியது நிலைத்தது, நிலைத்ததன் மேல் மறுநாள் ஒரு நூலளவு கூடிற்று. ஒன்பதாம் நாள் மருந்துக்கடைக்காரர் வந்தார். குழந்தையின் பாதத்தைப் பார்த்தார், எழுந்து போனார். அறுவைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது மூன்று நாளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது அவர்தான். வீட்டுக்குள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் எந்தக் குடும்பத்தைப் பற்றியும் பேசக் கூடாது என்று குழுவில் விதி எழுதி வைத்ததும் அவர்தான்.

பாதத்துக்கு ஐந்து மாதம், முழங்காலுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. கண்ணில் வெளிச்சம் முதலில் வந்தது, அப்புறம் நிறங்கள் வந்தன, ஊசிக் காது தெரிய மூன்று வருஷம் ஆனது. பட்டாணிக்குப் பதினாலு வயதானபோது அறிவிப்பில் இன்னும் பதினேழு குடும்பங்கள் சேர்ந்திருந்தன. பாலத்தடி இரட்டைக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் அரை டிகிரி இறங்கியது என்று வண்டி சொல்லும், யாராவது நாலு பேர் பொய்யா மெய்யா என்று பார்க்கக் கிளம்புவார்கள், கையை வீசிக்கொண்டு போனவர்கள் ஒரு வேலையோடுதான் திரும்புவார்கள். ஊருக்கு இது பழகிவிட்டது, யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. வெண்கலத்துக்கு மட்டும் பயம் போகவே இல்லை. இருபது வருஷமாகியும் ஒவ்வொரு வார்த்தையையும் வாயிலேயே வைத்து எடை பார்த்துத்தான் வெளியே விடுவார், விட்ட பிறகு ஐந்து மணி அடிக்கும்வரை சாப்பாடு இறங்காது. கடைசியில் அந்த வெண்கலக் குரலும் தேய்ந்து கரகரத்துப் போனது.

இப்போது பட்டாணிதான் ஓட்டுகிறாள், அவள்தான் பேசுகிறாள். வெண்கலம் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானில் கட்டைவிரலை வைத்திருக்கிறார், மனைவி செய்ததைப் போலவே. போன வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சந்தை நடுவில் வண்டியை நிறுத்தி, குறிப்பேட்டைப் புரட்டி, பதினேழு வீட்டுச் சேதியும் சொல்லி முடித்தாள்.

“தையற்காரி மக பட்டாணி பத்தி, இன்னைக்கு ஒண்ணும் விசேஷமில்ல.”

சந்தை தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தது. வெங்காயம் வரத்து நன்றாக இருந்தது. அவள் சொன்னபடியே, சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒன்றும் நடக்கவில்லை.