பட்டப்பகலில் மங்கிய டிஸ்ப்ளே

ஜப்பானில் ஓடிக் களைத்து, மூன்று கை மாறி என்னிடம் வந்த ஹைப்ரிட் கார் அது. ஒரு வாரமாகப் பட்டப்பகலிலேயே டிஸ்ப்ளே மங்கிப்போய், எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்றே தெரியாமல் எனக்கு மண்டை காய்ந்தது. மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் இந்த மாதிரி கார்களுக்கென்றே பட்டறை வைத்திருக்கும் கன்சோரிக்கிடம் கொண்டுபோனேன். அவன் ஃப்யூஸைப் பார்த்தான், பேட்டரியைச் சோதித்தான். டிஸ்ப்ளேயைக் கழற்றக் குனிந்தவன் சட்டென்று சிரித்தான்.

"அண்ணே, இந்தத் துணிய விரிச்சது யாரு?"

முன்கண்ணாடிக்குக் கீழே, வழித்துணைக்கென்று என் மாமியார் விரித்த நீலப் பட்டுத்துணி கிடந்தது.

"இதுக்கடியிலதான் வெளிச்சத்தப் பாக்குற சென்சார் இருக்கு. மூடிட்டா, ராத்திரி ஆயிடுச்சுன்னு நெனச்சு கார் டிஸ்ப்ளேய மங்க வச்சிடும்."

துணியை நகர்த்தினான். எண்கள் பளிச்சென்று எரிந்தன.

"எல்லாம் உங்க வேலைதானா அத்தை?" என்று பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கத்தினேன்.

மாமியார் அசரவில்லை. "நீங்க பத்திரமா போய்ட்டு வரணும்னுதானே விரிச்சேன்? வேகம் தெரியாத பயத்துல, இந்த ஒரு வாரந்தான் மாப்பிள்ளை நீங்க மனுஷன் மாதிரி ஓட்டுனீங்க" என்றபடி எட்டி, துணியைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டார்.