ஒற்றைச் சாவி

செவிலி கத்தரிக்கோலை எடுத்து, அம்மாவின் கழுத்தில் கிடந்த நாடாவை வெட்டினாள். தம்பியின் பழைய ஷூ நாடா அது. முனையில் வீட்டுச் சாவி தொங்கியது.

"நகை வேற எதுவும் இல்லையா?"

"இதுதான் நகை" என்றாள் மகள்.

செவிலிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சாவியை மகளின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் திரையை இழுத்து மூடினாள். சாவி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அம்மா காலையில் சலவைக்கூடத்தில், ஓட்டல் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து அள்ளிக்கொண்டிருந்தபோது விழுந்தவள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாக மருத்துவர் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் தம்பி எழுந்து வெளியே போனான். அவன் பின்னால் மகள் ஓடினாள். வாசலில் தம்பியின் கூட்டாளி கொக்கு பைக்கோடு நின்றிருந்தான். தம்பியைவிட மூத்தவன், நெட்டையன், படிப்பை நிறுத்தியவன். தம்பி பின்னால் ஏறி உட்கார, பைக் போய்விட்டது. கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது.

உடலை மறுநாள் காலைதான் தருவார்களாம். அவள் மாமாவோடு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். அம்மாவிடம் கேட்டு வாங்காத சாவியால் தன் வீட்டுக் கதவை அவள் திறந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வீட்டுக்கு ஒரே சாவி. அது அம்மாவிடம் இருக்கும். அம்மா வேலையில் இருந்தால், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை சலவைக்கூடத்தின் பின்கதவுக்குப் போய்ச் சாவி வாங்கிவர வேண்டும். வீட்டில் இருந்தால் தட்ட வேண்டும். ஊரில் எல்லாரும் உள்ளிருந்து "யாரு?" என்று கேட்பார்கள். யாரென்று தட்டுகிற தட்டிலேயே அம்மாவுக்குத் தெரியும். அவள் கேட்பது "யார்கூட?" என்று. பதில் வந்த பிறகே தாழ்ப்பாள் நகரும். திறந்ததும் முகத்தை ஒரு பார்வை, சட்டையை ஒரு மோப்பம். மகள் பட்டம் வாங்கி, கறுப்பு அங்கியோடு வந்து தட்டிய அன்றும் அதே கேள்வி. "பட்டத்துகூட" என்று கத்தினாள். "அது யாரு, எந்தத் தெருப் பையன்?" என்றாள் அம்மா. சிரிப்பதற்காகச் சொன்னாளா, நிஜமாகவே கேட்டாளா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

முதல் சம்பளத்தில் மகள் மூன்று சாவிகள் வெட்டிக்கொண்டு வந்தாள். சம்பாதிக்கிற பெண் தன் வீட்டு வாசலில் பிச்சைக்காரி மாதிரி நிற்பதா என்று ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டாள். அம்மா மூன்றையும் வாங்கிப் பார்த்தாள். நன்றாக வெட்டியிருக்கிறான் என்று பாராட்டினாள். மறுநாள் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாள்.

மகளுக்கு வேலை, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான ஆலோசனை மையத்தில். அடிதடி, திருட்டு, போதை என்று போய்விடக்கூடிய பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுகொள்ள வேண்டும். சுவரில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் ஆபத்துக் காரணிகள், வலப்பக்கம் பாதுகாப்புக் காரணிகள். ஒருமுறை சும்மா இருந்த நேரத்தில் தம்பியை அதில் வைத்துப் பார்த்தாள். ஓடிப்போன அப்பா. தெருமுனையில் சாராயக்கடை. ஒரு வகுப்பில் இரண்டு வருடம். படிப்பை விட்ட கூட்டாளி. பள்ளி வாசலையே மிதிக்காத அம்மா. அவளையும் இடப்பக்கம்தான் வைத்தாள். வலப்பக்கம் காலியாக இருந்தது. அந்தக் கணக்குப்படி அவன் எப்போதோ அவள் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வரவில்லை. அட்டவணையில்தான் எங்கேயோ ஓட்டை என்று முடிவு செய்து, தேநீர் குடிக்கப் போய்விட்டாள்.

அதே மையத்தில் பெற்றோர்களுக்கு வகுப்பெடுப்பாள். பிள்ளை எங்கே, யாரோடு, எப்போது வருவான் என்று தெரிந்துவைத்திருப்பதே பெரிய பாதுகாப்பு என்பாள். படித்த அப்பாக்கள் தலையாட்டுவார்கள். தன் வீட்டுக் கதவு அவளுக்கு ஒரு நாளும் நினைவுக்கு வந்ததில்லை.

சாயங்காலம் வீடு நிறைந்தது. கதவு விரியத் திறந்து கிடந்தது. சலவைக்கூடத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். அவர்களின் மேஸ்திரியம்மா, சாவிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பியோடு எவன் வந்தாலும் அம்மா அவனை உள்ளே இழுத்து, கையில் ஒரு கட்டுத் துண்டைக் கொடுத்து மடிக்கச் சொல்லிவிடுவாளாம். மடித்து முடிப்பதற்குள் அவன் அம்மா பெயர், வீடு, வண்டி யாருடையது என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுவாளாம். கொக்கு இப்போது ஓரம் பிசகாமல் மடிப்பானாம். "சம்பளம் இல்லாத ஆளுங்க, எனக்கென்ன நஷ்டம்னு விட்டுட்டேன்" என்றாள் மேஸ்திரியம்மா. ஒருத்தி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

மகளுக்கு இது புதுச் செய்தி. அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

மாமா அவளைச் சமையலறைக்குள் ஒதுக்கினார். அம்மாவின் அண்ணன். வெளியூரில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். நல்லவர்தான். நல்லவர்களுக்கு எல்லாவற்றையும் உடனே முடித்துவிட வேண்டும்.

"அம்மா செத்த அன்னிக்கே பைக்ல சுத்தப் போயிட்டான். இனிமே எவன் புடிக்கிறது அவன? நாளைக்கு எல்லாம் முடிஞ்சதும் எங்கூட அனுப்பிடு. பட்டறையில போட்டா அடங்கிடுவான்."

"படிக்கிறான் மாமா."

"படிப்பா? நீ பெரிய வேலைக்குக் கெளம்புற. இவன யாரு பாத்துப்பா?"

அது உண்மை. அடுத்த மாதம் வேறு நகரத்தில் மேற்பார்வையாளர் வேலை. பிள்ளைகளைத் தவறவிடாமல் காப்பது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் வேலை. கையெழுத்து மட்டும் பாக்கி. மாமா சொன்னதற்குச் சரியென்றுவிட்டால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். அவள் சரியென்று சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. மாமா அதைச் சரியென்று எடுத்துக்கொண்டார்.

"அந்தச் சாவியக் குடு. ஆளாளுக்கு வந்து போற வீடு, நாலு வெட்டிட்டு வந்துடறேன். கடைய சாத்திடப் போறான்."

அவள் சாவியோடு கையை நீட்டினாள். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

கூடத்தில் பேச்சு நின்றது. திறந்து கிடக்கிற கதவை எவன் தட்டுவான்? எட்டிப் பார்த்தாள். தம்பி வாசலுக்கு வெளியே, மாடிப்படி முடிகிற இடத்தில் நின்றிருந்தான். சுவரோடு ஒட்டிக் கிடந்த கதவை மறுபடியும் தட்டினான். உள்ளே பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"என்னடா, தொறந்துதானே கெடக்கு, உள்ள வா" என்றார் மாமா.

அவன் நகரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தட்டிய கை அப்படியே கதவின்மேல் இருந்தது.

மேஸ்திரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் கூடத்தைக் கடந்து நிலைப்படிக்கு வந்தாள். செருமிக்கொண்டாள்.

"யார்கூட?"

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"கொக்குகூட. கீழ நிக்கிறான்."

"எங்க போயிருந்தீங்க?"

"சலவைக்கூடத்துக்கு. பின்கதவுல உக்காந்திருந்தோம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். குனிந்து தோள்பக்கச் சட்டையை மோந்தாள். பெட்ரோல், வியர்வை, கொஞ்சம் சலவைத்தூள்.

"அவனையும் மேல வரச் சொல்லு. நாற்காலியெல்லாம் எடுத்துப் போடணும்."

தம்பி படியிறங்கிப் போனான். மாமா பின்னால் வந்து கையை நீட்டியபடி நின்றார்.

"கடைய சாத்திடுவான்மா."

அவள் நிலையில் சாய்ந்து நின்று, வெட்டுப்பட்ட ஷூ நாடாவின் இரு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். முடிச்சுக்குப் போனது போக நாடா குட்டையாகிவிட்டது. தலைவழியே இறங்க மறுத்தது. காதில் சிக்கியதை விடுவித்து, இழுத்துக் கழுத்தில் விட்டாள். படியில் இரண்டு ஜோடிக் கால்கள் ஏறிவரும் சத்தம் கேட்டது.