காத்து இருக்கிறோம்

1

இந்தக் கதை ஓர் எழுத்துப் பிழையில் பிறந்தது. பிழை என்னுடையது. அச்சகத்தில் பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு (பிழைப்பிலேயே பிழை இருக்கிறது, தெரியும், சிரித்துவிட்டு வாருங்கள்) என்பதால், இதை ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபமில்லை.

அண்ணனும் அண்ணியும் குழந்தையைத் தத்தெடுக்க மனுக் கொடுத்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கொரு முறை மனுவைப் புதுப்பிக்க வேண்டும். கடிதத்தைத் தட்டச்சு செய்வது நான். இந்த முறை "காத்திருக்கிறோம்" என்பதை "காத்து இருக்கிறோம்" என்று அடித்து, கையெழுத்து வாங்கி, அனுப்பியும் விட்டேன். நகலைப் படித்த அண்ணி அண்ணனிடம் சொன்னார்: "கேட்டீங்களா, உங்க தம்பி நம்மளக் காத்தாக்கிட்டான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயது வரம்பின்படி அவர்களுக்கு இதுவே கடைசிப் புதுப்பிப்பு.

2

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு—"

இல்லை. நல்ல வெயில்.

"காலித் தொட்டிலைப் பார்த்து அவள் பெருமூச்சு—"

அண்ணி இதைப் படித்தால் என் காதைத் திருகுவார்.

அண்ணனைத் தச்சராக்கலாமா என்றும் யோசித்தேன். ஜெபிக்கிற குடும்பம், அதில் பைபிளில் வருவது போல ஒரு தச்சர். நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அண்ணன் வெல்டர். இரும்பிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் ஆண்டு, கைக்குழந்தை வரும் என்று மூன்றடியில் ஓர் இரும்புக் கட்டில் செய்தார். வரவில்லை. மறு ஆண்டு மனுவில் குழந்தையின் வயதைக் கூட்டி எழுதினோம். அண்ணன் கட்டிலின் கால்பக்கத்தை அறுத்து, நான்கு விரல் நீளத்துக்குக் குழாய் சேர்த்துப் பற்றவைத்தார். அண்ணி மெத்தையையும் அதே அளவுக்கு நீட்டித் தைத்தார். ஆண்டுதோறும் இப்படியே. பிள்ளை எங்கேயோ வளர்கிறது, கட்டிலும் வளர வேண்டாமா என்பது அண்ணனின் கணக்கு.

3

(இந்த இடத்தில் எனக்கு அண்ணன்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு தெம்பாக ஒருவர் இருந்தால் வாசகர் நம்புவாரா? அதனால் பட்டறை மூலையில் அவர் அழுவதாக ஒரு பக்கம் எழுதி, அவரிடமே காட்டினேன்.)

"அழுதது நிஜம்டா," என்றார். "அழுதுட்டு வேலையப் பாத்தேன். அதையும் சேத்து எழுது."

சேர்த்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு முன் அவர்கள் செய்யும் ஜெபத்தையும் எழுதியாக வேண்டும். "பிள்ளையைத் தாரும்" என்று கேட்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் கேட்பது வேறு: "ஆண்டவரே, இப்ப அந்தப் பிள்ளையப் பாத்துக்கிறவங்களுக்குப் பலம் கொடும்."

4

அலுவலகத்திலிருந்து அதிகாரி அம்மா வீட்டைப் பார்க்க வந்தார். இவர் எழுதும் அறிக்கைதான் கடைசி வார்த்தை. அறைக் கதவைத் திறந்தால் கட்டிலில் ஒரு சிறுமி காய்ச்சலோடு தூங்குகிறாள். எதிர்வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுபவர். வேலைக்குப் போகும்போது மகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஊரான் பிள்ளையைப் பார்த்து அதிகாரியின் புருவம் ஏறியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் சுவரோடு சாய்ந்தேன்.

"எங்க பிள்ள வர்ற வரைக்கும் கட்டில் ஏன் சும்மா கெடக்கணும் மேடம்?" என்றார் அண்ணன், பாயையும் தலையணையையும் பற்றிப் பேசுவது போல. பிறகு அண்ணி கணக்குச் சொன்னார். தங்கள் அம்மா பிரசவத்துக்குப் போனபோது வந்த இரட்டையர், வீட்டில் சண்டை ஓயும்வரை ஒரு வாரம் இருந்தவன், இப்படி ஏழு ஆண்டுகளில் பதினொரு பேர் அதில் தூங்கியிருக்கிறார்கள். அதற்குத் தகுந்தாற்போல் மருந்துப் பெட்டி, மாற்றுப் போர்வை, பெற்றோரின் தொலைபேசி எண்கள் எல்லாம் சுவரருகே இருந்தன.

அதிகாரி குனிந்து, கட்டில் சட்டத்தில் பற்றவைத்த தழும்புகளை விரலால் தொட்டு எண்ணினார். ஆறு. பிறகு கோப்பிலிருந்து எங்கள் கடிதத்தை எடுத்தார். நான் பிரித்து அடித்த அந்த இரண்டு சொற்களுக்கும் அடியில் பென்சிலில் ஒரு வளைவு. சேர்த்துவிடு என்பதற்கு எங்கள் தொழிலில் போடும் அதே குறி.*

"இது தப்பா, இல்ல வேணும்னே பிரிச்சு எழுதினீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"தப்பாத்தான் அடிச்சான் மேடம். ஆனா யோசிச்சா அதுதான் உண்மை. வந்த பிள்ளைங்களக் காத்து, நாங்க இருக்கோம்."

அதிகாரி அழிப்பானை எடுத்து அந்த வளைவை அழித்தார். சனிக்கிழமைக்குள் தொலைபேசியில் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

* இருபது ஆண்டுகளில் என் பிழை ஒன்று சரியென்று தீர்ப்பானது இந்த ஒரே முறைதான்.

5

முடிவு ஒன்று: தொலைபேசி அடிக்கிறது. எட்டு வயதுப் பெண் குழந்தை, முன்பல் இரண்டும் இல்லை, பெயர்—

முடிவு இரண்டு: அடிக்கவில்லை. திங்கட்கிழமை பன்னிரண்டாவது பிள்ளை காய்ச்சலோடு—

இரண்டையும் அண்ணியிடம் காட்டினேன். இரண்டாவதைப் படிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது; மறைக்க மாட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டுலயும் கட்டில் காலியா இல்லையே தம்பி. அது போதும். மிச்சத்த நீ எழுதாத, அது உன் வேலை இல்ல."

6

இன்று வெள்ளி. அண்ணன் ஏழாவது குழாயை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். இன்னும் அறுக்கவில்லை. எவ்வளவு நீளம் என்று கேட்டேன். "வந்து படுக்கட்டும், அளந்துக்கலாம்," என்றார்.

ஆகவே கட்டிலின் நீளம்:           அடி.

அந்த இடைவெளி என் பிழை இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பென்சில் இருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.