சரளைச் சாலையின் வெட்டுக்கிளிகள்

சாலையைச் சுரண்டிச் சமன்செய்யும் கிரேடர் வண்டியின் அலகை நோலீன் தரையில் இறக்கப் போன நேரத்தில்தான் ராவிரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சாலையின் குறுக்கே வந்து நின்றான். அவள் பிரேக்கை மிதித்தாள். இன்ஜினை அணைக்காமல் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ஏன்டா, சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலயா?"

"ஆன்ட்டி, மத்தியானம் வரைக்கும் விடுங்க. இந்த வளைவு பூரா இருக்கு. பொறுக்கி அந்தப் பக்கம் விட்டுடறேன்."

"என்ன இருக்கு? எனக்குக் கல்லுதான் தெரியுது."

"அதான் அதுங்களோட கெட்டிக்காரத்தனம்."

ராவிரி வனவிலங்குத் துறையில் அழிந்துவரும் பூச்சிகளைக் கவனிப்பவன். அவனுடைய அம்மாவும் நோலீனும் டெக்காப்போ டவுனில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் என்பதால், அவனைத் திட்ட நோலீனுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் ரேடியோவில் கேட்டபோது சாலைக் கம்பெனியின் மேலாளரும் அதையேதான் சொன்னார். மத்தியானம் வரை காத்திருக்க வேண்டுமாம். தேடி முடித்த மலைப்பக்க ஓரத்தில் கிரேடரை நிறுத்தச் சொன்னான் ராவிரி. ஆற்றுப்பக்கம் இனிமேல்தான் தேட வேண்டும். அவள் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை ஒதுக்கினாள்.

சும்மா இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. இறங்கினாள். பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றி, பாதி குடித்து, மீதியைக் கொட்டினாள். மேற்கே மலைகளுக்கு மேல் மேகம் வில்லாக வளைந்து நின்றது. வடமேற்குக் காற்று கிளம்பிவிட்டது. இரவுக்குள் மழை வரும். மழை வந்தால் இந்த வளைவு என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. கோடை முழுக்க ஓடிய லாரிகளால் சாலை துவைக்கும் பலகைபோல வரிவரியாக அலைவிட்டிருந்தது. மேலே உதிரிச் சரளை. ஓரத்துக்குக் கீழே செங்குத்தாக ஆற்றுப்படுகை. ஈரத்தில் இங்கே சக்கரம் யார் பேச்சையும் கேட்காது. சாலையின் கடைசியில் இருக்கும் ஆட்டுப்பண்ணையில்தான் அவள் மகள் பிரான்வின் கணவன் ஹேமிஷுடன் இருந்தாள், நிறைமாதக் கர்ப்பிணி. கடைசி வாரங்களில் டவுனுக்கு வந்து தன்னோடு இரு என்று நோலீன் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். "ஆம்புலன்ஸ்காரனுக்கு வழி தெரியும்மா" என்று சொல்லிவிட்டாள் மகள். போனை எடுத்துப் பார்த்தாள் நோலீன். இந்த இடத்தில் என்றைக்குமே சிக்னல் கிடையாது. தெரிந்தும் மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

ராவிரி முட்டிபோட்டு ஊர்ந்துகொண்டிருந்தான். வாளியை அவள் பக்கம் சாய்த்துக் காட்டினான். அடியில் சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வெட்டுக்கிளி. சொரசொரத்த முதுகு. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் நகத்துணுக்குபோல இரண்டு தகடுகள். தொட்டதும் எகிறி, வாளியின் சுவரில் மோதி மல்லாக்க விழுந்து காலை உதைத்தது.

"பறக்கத் தெரியாது. குதிச்சா ஒழுங்கா இறங்கவும் தெரியாது. இது எப்படிடா இத்தனை காலம் பொழைச்சுது?"

"அசையாம இருந்துதான். இதோட சொந்தக்காரங்க மேல பனிமலையில, பாறைச் சரிவுல இருக்காங்க. இது ஒண்ணுதான் கீழ ஆத்துக்கல்லை நம்பி இறங்கி வந்துடுச்சு. ரோட்டுக்கும் அதே கல்லைத்தானே கொட்டறீங்க?"

"அசையாம இருக்கறது எங்க குடும்பத்துல எவளுக்கும் வராது" என்றாள் நோலீன். அவளும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினாள். கல், கல், பாசி படிந்த கல். இடுப்பு வலித்ததுதான் மிச்சம். இவன் பாதியைக் கற்பனையில் பார்க்கிறானோ என்று தோன்றியது. அவன் கையில் ஒன்று அகப்படும்போதுகூட, அதற்கு முந்தின நொடிவரை அது அங்கே இருந்தது அவள் கண்ணுக்குப் படவில்லை.

பண்ணைப் பக்கமிருந்து புழுதி கிளம்பி வந்தது. நோலீனுக்கு அந்தக் காரைத் தெரியும். அது வரும் வேகமும் தெரிந்தது. கையை ஆட்டிக்கொண்டு ஓடினாள். கார் வழுக்கி, திரும்பி, கிரேடருக்குச் சற்று முன்னால் நின்றது. பிரான்வின் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்திருந்தாள். சீட்டு நனைந்திருந்தது.

"ஹேமிஷ் எங்கடீ?"

"நாய்ங்களைக் கூட்டிக்கிட்டு மலை மேல ஆடு ஓட்டப் போயிருக்கான். வீட்டுப் போன் செத்துப்போச்சு. தள்ளிக்கிட்டே இருக்கும்மா... என்னால முடியல."

"அந்தப் பக்கம் நகரு."

நோலீன் உட்கார்ந்து கியரைப் போட்ட பிறகுதான் வழியைப் பார்த்தாள். தேடி முடித்த பக்கத்தை அவளுடைய கிரேடர் அடைத்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது ஆற்றுப்பக்கம், தேடாத பக்கம். ராவிரியும் அதைப் பார்த்துவிட்டான். தொப்பியைக் கழற்றி, காருக்கு முன்னால் ஓடி, குனிந்து தரையை இப்படியும் அப்படியும் விசிற ஆரம்பித்தான்.

கார் அவன் பின்னால் ஊர்ந்தது.

"யாரும்மா அது? என்ன பண்றான்?"

"நம்ம ராவிரி. வெட்டுக்கிளி விரட்டறான்."

"ஏறிப் போம்மா!"

நோலீனின் உள்ளங்கை ஹாரன்மேல் இருந்தது. அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை என்று பின்னால் எவ்வளவோ முறை யோசித்தாள். அவள் பார்த்த வரையில் அவன் விசிறியது வெறும் கற்களைத்தான். எதுவும் எகிறவில்லை. ஒன்றுமில்லாத தரையை நம்பி பெற்ற மகளை வலியில் காக்க வைக்கிறோமே என்று தோன்றியது. கால் மட்டும் பிரேக்கை விடவில்லை. அப்போது பிரான்வின் கத்தினாள். அப்படி ஒரு குரலை அவளிடமிருந்து நோலீன் கேட்டதே இல்லை. ராவிரி திரும்பினான். கண்ணாடி வழியே பிரான்வினின் முகத்தைப் பார்த்தான். வளைவில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. தொப்பி அவன் கையில் தொங்கியது. விலகி நின்று, முகத்தை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நோலீன் ஆக்சிலேட்டரை மிதித்தாள். சக்கரத்தின் கீழே வேறு ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது தானாகத் தேடியது. சரளை நொறுங்கும் சத்தம்தான், எப்போதும்போல.

சிக்னல் வந்ததும் அழைத்த ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலைச் சந்திப்பில் எதிரே வந்து சேர்ந்துகொண்டது. மகளை அதில் ஏற்றிவிட்டு, நோலீன் காரிலேயே பின்னால் போனாள். டிமாரு நகரத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. சிவந்த முகமும் இறுக்கி மூடிய கையுமாக, யார்மேலோ கோபத்தோடு வந்தது. இரவு மழை கொட்டியது. ஹேமிஷ் நனைந்த பூட்ஸோடு வந்து நின்று அழுதான். எல்லோரும் நோலீனைக் கட்டிக்கொண்டார்கள், நல்ல வேளை நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்றார்கள். அவள் தலையாட்டினாள். ஆனால் அவளால் உட்கார முடியவில்லை. குழந்தையைத் தூக்குவாள், உடனே கொடுத்துவிடுவாள். தாழ்வாரத்தில் நடப்பாள். கார் நிறுத்துமிடத்துக்குப் போய், காரின் அருகே நின்று, சக்கரத்தைப் பார்க்காமல் திரும்பி வருவாள்.

மழை விட்டு வெயில் வந்த அன்று கிரேடரை எடுக்கப் போனாள். ராவிரி அங்கே இருந்தான், அதே முட்டிபோட்ட நிலையில். அவள் ஓட்டிய தடத்தை மழை கழுவிவிட்டிருந்தது. அவன் எழுந்தான்.

"எத்தனைடா?" என்றாள் அவள்.

அதே நேரத்தில் அவனும், "என்ன குழந்தை ஆன்ட்டி?" என்றான்.

காற்று இரண்டு கேள்விகளையும் அடித்துக்கொண்டு போனது. அவன் முதலில் சொல்லட்டும் என்று அவள் இருந்தாள். அவனும் அப்படியே நின்றான். பொறுக்க முடியாமல் அவள் அவனை நோக்கிக் காலை எடுத்தாள்.

"அசையாதீங்க" என்றான் மெதுவாக.

அவள் கீழே பார்த்தாள். பூட்ஸ் இறங்க வேண்டிய இடத்தில் ஒரு கல்லுக்குக் கண் இருந்தது. சாம்பல் நிறக் கால்களை வெயிலுக்குப் பரப்பி வைத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒன்று, சின்னது. அதற்கு அப்பால் இரண்டு. கண் பழகப் பழக இடப்பக்கமும், அவள் இப்போது கடந்து வந்த பின்பக்கமும், சாலை முழுக்க அவை வந்துகொண்டே இருந்தன. காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், கைகளை இரண்டு பக்கமும் விரித்தபடி, நோலீன் ஒற்றைக் காலில் நின்றாள்.