ஓசிச்சோறு என்றொரு பவளம்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்க்கிறவர்களின் கிளப் எங்களுடையது, அதில் ஒரு வழக்கம் உண்டு. புயலைக் காணாத பவளத்துக்குப் பெயர் கிடையாது. எவ்வளவு அழகாக வளர்ந்திருந்தாலும் சரி, பார்க்கிறவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தாலும் சரி, வீட்டுத் தொட்டிக்குள் இருந்தபடியே, கரண்டு போனாலும் சாகாமல், அது ஒரு சூறாவளியைத் தாண்டியாக வேண்டும். தாண்டிவிட்டால் வளர்த்தவர் பெயர் வைக்கலாம். அதற்குப் பிறகு அதன் துண்டுகள் அந்தப் பெயரோடுதான் கைமாறும், ஊர் ஊராகப் போகும். வளர்த்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் யாரோ ஒருவர் வீட்டில் கிளைவிட்டுக்கொண்டிருக்கும். புளோரிடாவில் புயலுக்குப் பஞ்சமில்லை என்பதால் இந்த விதியை யாரும் குறை சொன்னதில்லை.

என்னிடம் பெயரில்லாத ஒன்று இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுத் துண்டாக வீட்டுக்கு வந்தது, மூன்று வருஷத்தில் இரண்டு கைகளையும் விரித்துவைத்த மாதிரி கிளைவிட்டிருந்தது. உடம்பு பச்சை, நுனியெல்லாம் ஊதிவிட்ட தணல் போல ஆரஞ்சு. பெயரையும் மனதுக்குள் வைத்தாயிற்று: மார்லீன் தீக்கொழுந்து. மார்லீன் நான்தான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். எனக்குப் பெருமை பிடிக்கும். பிடிக்காது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

என் கணவன் எமரி, ஆணியும் பெயின்டும் விற்கும் கடையில் வேலை பார்க்கிறவன். அந்தப் பவளம் வீட்டுக்கு வந்த அன்றே அவன் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டான்.

"ஓசிச்சோறு" என்றான். "வாடகை குடுக்காது, வேலைக்குப் போகாது, கரண்டு பில்ல மட்டும் ஏத்தும். அப்படியே உன் தம்பி ராய்ஸ்."

அன்றிலிருந்து "உன் ஓசிச்சோறு எப்படி இருக்கு?" "உன் ஓசிச்சோறுக்கு இன்னிக்கு என்ன விருந்து?" என்றுதான் பேச்சு. ஒருமுறை வாஃபிள் சுடும் மெஷினை மாட்டப் பிளக் இடமில்லை என்று தொட்டி மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்ட மறந்து வேலைக்குப் போய்விட்டான். அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன்: தொட்டியின் வயரை என்னைக் கேட்காமல் தொடுகிறவன் கையை முறிப்பேன். எமரி அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தான், அல்லது நடந்ததாக நான் நினைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் புயல் எங்கள் பக்கம் திரும்புகிறது என்று டிவியில் சொன்னதும் நான் வேலையில் இறங்கினேன். ஃப்ரீசரைக் காலி செய்து தண்ணீர் பாட்டில்களை அடுக்கினேன். தொட்டி சூடாகும்போது உறைந்த பாட்டிலை மிதக்கவிட வேண்டும், இல்லையென்றால் பவளம் வெந்துவிடும். எமரியின் மான்கறியும் பன்றி விலாவும் வெளியே வந்தன. அவற்றை அவன் பார்த்த பார்வையை இழவு வீட்டில் கூட நான் கண்டதில்லை. ஜன்னல்களுக்குப் பலகை அடித்தான். அடித்துக்கொண்டே, "மனுசன் திங்கறதுக்கு எடமில்ல, உன் ஓசிச்சோறுக்கு ஐஸ் பெட்டியா?" என்றான்.

எங்கள் ஊரில் புயல் வருகிறதென்றால் எல்லார் வீட்டிலும் குளியல் தொட்டியை நிரப்பிவைப்பார்கள். நானும் நிரப்பினேன். உப்புத் தண்ணீர். பவளத் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டிவந்தால் அந்த நேரத்தில் எங்கே போவது? எமரியிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. புயல் அன்று காலையில் அவன் ஒரு கோப்பை மொண்டு பல் தேய்த்தான். அவன் அன்று பேசியதை எழுதினால் இந்தக் கதையை எங்கள் சர்ச்சில் யாரும் படிக்கமுடியாது.

புயல் வந்தது, கூரையை உலுக்கியது, எங்கள் ஓக் மரத்தைப் பக்கத்து வீட்டு வேலிமேல் சாய்த்துவிட்டுப் போனது. கரண்டு போயிற்று. ஜெனரேட்டரைப் பின்கட்டில் வைத்து ஓட்டினோம். தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாருக்கு மட்டும் அதில் வயர் கொடுத்தேன். கடல் ஓயாமல் அசைகிறதே, அதே அசைவு வீட்டுக்குள்ளும் வேண்டும். தண்ணீர் நின்றால் பவளத்துக்கு மூச்சு முட்டிவிடும். மறுநாள் மதியம் ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமியது, கரும்புகையைக் கக்கியது, அடங்கிவிட்டது. எமரி அதைக் கழற்றினான், துடைத்தான், திட்டினான், திரும்ப மாட்டினான், ஓர் உதை உதைத்தான். அது போனது போனதுதான்.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றான்.

"கையால பண்ணப் போறேன்."

ஒரு ஜக்கை எடுத்தேன். தொட்டித் தண்ணீரையே மொண்டு, தலைக்கு மேலே தூக்கி, மெல்ல ஊற்றினேன். விழுகிற தண்ணீர் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மொண்டு ஊற்று, மொண்டு ஊற்று. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று இருந்தது. நாங்கள் தூங்கும் நேரத்துக்கு அதை மிச்சம் பிடித்து வைத்தேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் ஜக்குதான். தோள்பட்டை இற்றுவிழுந்தபோது எமரி வந்து என் கையிலிருந்து ஜக்கைப் பிடுங்கினான்.

"தள்ளு. ஊருல உள்ளவன் குடிக்கத் தண்ணி இல்லாம அலையறான், நான் தண்ணிய தண்ணிக்குள்ளயே ஊத்திக்கிட்டு நிக்கறேன். எங்கப்பா பாத்தா என்ன சொல்வாரோ."

சொன்னானே தவிர, ஊற்றுவதை நிறுத்தவில்லை. தெருவில் எல்லாரும் உருகிப்போன கறியைத் தூக்கிவந்து ஒன்றாகச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். வாசனை வீட்டுக்குள் வந்தது. எமரி ஒரு கையில் விலா எலும்பும் மறு கையில் ஜக்குமாக நின்றான். நாட்கள் இப்படியே போயின. வீடு அடுப்பு போலக் கொதித்தது. மீன் ஒன்று செத்தது, ஓரத்திலிருந்த மெத்தென்ற பவளம் ஒன்று சுருங்கிக் கரைந்தது. என் பவளம் மட்டும் நிறம் குறையாமல் நின்றது. தினமும் காலையில் டார்ச்சை அடித்துப் பார்ப்பேன், ஆரஞ்சு நுனி தெரியும். அப்போது என் நெஞ்சு விம்மியதை எந்த வெட்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

ஃப்ரீசர் பாட்டில்கள் எல்லாம் உருகித் தீர்ந்ததும் ஐஸ் கொடுக்கும் சர்ச் மைதானத்துக்குப் போனேன். அனுமார் வால் போல நீண்ட வரிசை. எனக்கு முன்னால் டெல்ஃபின் நின்றாள். எங்கள் கிளப்தான். முன்பொரு புயலில் தன் மஞ்சள் பவளத்தைக் காப்பாற்றி 'டெல்ஃபின் சூரியன்' என்று பெயர் வாங்கியவள். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறவள்.

"உன்னோடது நெறம் நிக்குதா?" என்றாள்.

"உன் சூரியன விடப் பளிச்சுன்னு நிக்குது."

"பெருமைய கரண்டு வந்தப்பறம் பேசு. கரண்டு போனப்ப சாகாததெல்லாம் கரண்டு வந்தப்ப செத்துருக்கு, நான் பாத்துருக்கேன்." முகத்தை விசிறிக்கொண்டே கேட்டாள்: "வடிகட்டியோட பிளக்கப் புடுங்கிட்டல்ல?"

நெற்றியில் அடித்துக்கொண்டேன். 

தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள், மூடி போட்ட வாளி மாதிரி ஒரு வடிகட்டி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை அதைப்போல நல்லது கிடையாது. நின்றுவிட்டால் உள்ளே அடைபட்ட தண்ணீர் அழுகி விஷமாகிவிடும். கரண்டு வந்ததும் அதுவாகவே ஓட ஆரம்பித்து அந்த விஷத்தை அப்படியே தொட்டிக்குள் கொட்டும். கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். சுழற்றும் மோட்டாரை ஜெனரேட்டருக்கு மாற்றினேன், ஐஸை எண்ணினேன், பேட்டரியை எண்ணினேன். சுவர் பிளக்கில் மாட்டியபடியே இருந்த வடிகட்டியை மறந்தே போனேன்.

அந்த நேரம் பார்த்து, இத்தனை நாள் அணைந்திருந்த தெருமுனை சிக்னல் விளக்கு சிவப்பாக எரிந்தது. வரிசை முழுக்கக் கைதட்டியது. யாரோ ஒருவர் அல்லேலூயா என்றார். கரண்டு வந்துவிட்டது.

டெல்ஃபின் என் முகத்தைப் பார்த்தாள். "ஓடு. உன் ஐஸையும் நானே வாங்கிட்டு வரேன்" என்றாள்.

போனில் சிக்னல் இல்லை. மரம் விழுந்த தெருவைக் காரில் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. போகிற வழியெல்லாம் வீடுகளில் விளக்கு எரிந்தது, ஏசி உறுமியது, ஜனங்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். ஒவ்வொரு விளக்கையும் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. அழுதுகொண்டேதான் ஓட்டினேன். கையால் ஊற்றி ஊற்றிக் காப்பாற்றியதைக் கடைசியில் என் மறதிக்குக் கொடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கப்பலைக் கரைவரை கொண்டுவந்து துறையில் கவிழ்த்தவள் நான்தான்.

வீட்டுக்குள் டிவி அலறிக்கொண்டிருந்தது. தொட்டியிடம் ஓடினேன். மோட்டார் திரும்பச் சுவர் பிளக்குக்கு மாறி ஓடியது, தண்ணீர் சுழன்றது, கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. என் பவளம் பச்சையும் ஆரஞ்சுமாக, ஒன்றுமே நடக்காதது போல நின்றது. குனிந்து அலமாரியைத் திறந்தேன். வடிகட்டிக்குப் போய்வரும் குழாய்கள் இரண்டும் மூடிக் கிடந்தன. வடிகட்டி இருந்த இடம் காலி.

பின்கட்டிலிருந்து நாற்றம் வந்தது. எமரி சட்டையைக் கழற்றி மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வடிகட்டியைக் கவிழ்த்து ஹோஸ் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான். அதிலிருந்து கறுப்பாக ஒழுகியது.

"கிட்ட வராத" என்றான். "நூறு அழுகல் முட்டைய ஒண்ணா ஒடச்ச மாதிரி நாறுது."

"இத எப்பப் புடுங்குன?"

"ஜெனரேட்டர் உசுர விட்டுச்சே, அன்னிக்கே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வயரத் தொட்டா கைய முறிப்பேன்னு சட்டம் போட்டவ நீ. ஜக்கு தூக்கறதுக்கு எனக்கு ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"நீதான். மூணு வருசமா சாப்பாட்டு மேசைல வேற எதப் பத்திப் பேசியிருக்க? 'தண்ணி நின்னா வடிகட்டி வெசம், எமரி.' போன தாங்க்ஸ்கிவிங்குல வான்கோழிய அறுத்துக்கிட்டே இந்த அழுகல் கதையச் சொன்ன. ராய்ஸ் தட்டக் கீழ வச்சிட்டான். அவன் சாப்பாட்ட நிறுத்துன ஒரே நாளு அதுதான். அது எப்படி மறக்கும்?"

நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் போய்க் கட்டிக்கொண்டேன். "என் புது ட்ரவுசர்" என்றான். விலகவில்லை. அன்று இந்த உலகத்திலேயே கெட்டிக்காரன் என் புருஷன்தான் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த மாதம் கிளப் கூட்டம். புயலைத் தாண்டிய பவளத்தின் துண்டை வெள்ளைத் தட்டில் வைத்து எல்லார் முன்னாலும் நிற்கவேண்டும். தலைவர் ஆர்டன் பெயரைக் கேட்பார், உரக்கச் சொல்லவேண்டும். ஒருமுறை சொன்னதை மாற்றமுடியாது. எமரி இதற்கெல்லாம் வருகிறவன் இல்லை. எலுமிச்சைப் பை என்கிற இனிப்புப் பண்டம் உண்டு என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான்.

"மார்லீன், என்ன பேரு?" என்றார் ஆர்டன்.

மூன்று வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த பெயர். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஓசிச்சோறு" என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள். ஆர்டன் காதில் சரியாக விழவில்லையோ என்று திரும்பக் கேட்டார், நான் திரும்பச் சொன்னேன். டெல்ஃபின் என் பக்கம் குனிந்து, "உன் பேரு எங்கடி? தீக்கொழுந்து தீக்கொழுந்துன்னு உருகுனியே" என்றாள்.

"இத வளத்தவங்க ரெண்டு பேரு" என்றேன். "பேர மொதல்ல வச்சவன் அதோ பை தின்னுக்கிட்டு இருக்கான்."

எமரி கரண்டியை வாயிலிருந்து எடுக்கவே மறந்துபோனான். காது இரண்டும் சிவந்தன. அவன் வெட்கப்பட்டு நான் பார்த்தது எங்கள் கல்யாணத்தன்று ஒருமுறை, அன்று ஒருமுறை.

துண்டுகளைப் பங்கிடும்போது நான் மறுபுறம் நின்றிருந்தேன். புதிதாகக் கிளப்பில் சேர்ந்த ஒரு ஜோடி தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. எமரி பைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர்களிடம் நடந்து போனான்.

"கரண்டு போச்சுன்னா மொத வேலையா வடிகட்டியக் கழட்டிருங்க" என்று ஆரம்பித்தான். "யாரு என்ன சட்டம் போட்டாலும் சரி, கழட்டிருங்க."

அந்தப் பெண் கேட்டாள்: "ரொம்ப அழகா இருக்கே. இது யாரோட பவளம்?"

மூன்று வருஷமாக அவன் வாயில் அது 'உன் ஓசிச்சோறு'. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எங்களோடது" என்றான் எமரி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னான். "இன்னும் வாடகைதான் குடுத்தபாடில்ல."