வெண்டிக்காய்ச் சில்லு

அதிபர் கிறிஸ்துநாயகத்தின் மேசை லாச்சிக்குள் ஒரு சிவப்புக் கொப்பி கிடந்தது. அடுத்த வருடப் புலமைப்பரிசில் சோதனையில் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கெடுக்கக்கூடிய நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருந்தன. தவணை முடியமுதல் தாய்தகப்பனைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு இஞ்சத்தைப் படிப்புப் பாரமாக் கிடக்கு, வேறை இடம் பாருங்கோவன்" என்று பக்குவமாகச் சொல்லிவிடுவார்கள். சட்டத்தில் அப்படியொரு கொப்பி கிடையாது. லாச்சியில் இருந்தது.

முதல் பெயர் கோபிகா.

ஷம்னா அதைக் கண்டது வெண்கட்டி எடுக்கப் போன இடத்தில். அவள் அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியை இல்லை. கணக்கையும் சுற்றாடலையும் படம் கீறியும் நடித்தும் படிப்பிக்கலாம் என்று நம்புகிற ஒரு கொழும்பு நிறுவனம் அனுப்பிவைத்த "வருகைக் கலைஞர்". செவ்வாயும் வியாழனும் யாழ்ப்பாண ரவுணிலிருந்து சைக்கிள் உழக்கிக் கொழும்புத்துறைப் பக்கம் வருவாள். வாப்பா பக்கீர் பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். ஷம்னா பிறந்தது புத்தளத்து அகதிமுகாமில். படித்தது தகரக் கொட்டிலில், கடைசி வாங்கில். குடும்பத்தில் முதன்முதல் பட்டம் வாங்கியவளும் அவள்தான், வாங்கிய பட்டத்தை மூன்று வருடம் அலுமாரிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

கடைசி வாங்கைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"கோபிகாவின்ரை பேர் ஏன் அந்தக் கொப்பியிலை இருக்கு?" என்று வகுப்பாசிரியை சீலாவிடம் நேரே கேட்டாள்.

சீலா ரீச்சர் தேத்தண்ணியை ஊதினாள். "ஏழையும் எட்டையும் கூட்டச் சொன்னா மேலை முகட்டைப் பாக்குது. நானென்ன செய்ய? நீர் ரெண்டு நாள் வந்து பாட்டுப் பாடிப்போட்டுப் போறனீர். சோதனை முடிவுக்கு மறுமொழி சொல்லுறது நான்."

"அவளுக்கு எண்ணத் தெரியுமெண்டு நான் காட்டினா?"

"காட்டும். நான் என்ரை கையாலை அந்தப் பேரை அழிக்கிறன்."

சொல்லு சொல்லுத்தான். அன்றைக்கே ஷம்னா ஒரு பாடத்தைத் தீர்மானித்தாள்.

தரவைப் படமாக்குகிற பாடம். புத்தகத்தில் யாரோ ஒருவர் விற்ற அப்பிள்கள் இருந்தன. ஷம்னா புத்தகத்தை மூடிவைத்தாள். "ஒரு கிழமைக்கு உங்கடை வீட்டுக்கு ஆர் வருகினம், என்ன வருகுது எண்டு எண்ணிக்கொண்டு வாங்கோ. காகமெண்டாலும் பறவாயில்லை. வெண்டிக்காயையும் கிழங்கையும் வெட்டி மையிலை தோய்ச்சுக் குத்துவம்."

பிள்ளைகள் எண்ணிவந்தார்கள். பிரவீணன் ஆடுகளை எண்ணியிருந்தான். ஒருத்தி மீன்காரரை எண்ணியிருந்தாள். இன்னொருவன் தாய் தன்னைப் பேசிய தடவைகளை எண்ணி, புதன்கிழமையோடு கைவிட்டிருந்தான்.

கோபிகா மோட்டச்சைக்கிளை எண்ணியிருந்தாள்.

இரண்டு வெண்டிக்காய் வட்டம் சில்லு, நடுவில் ஒரு கிழங்குத் துண்டு உடம்பு. குத்தத் தொடங்கமுதல் தாளையும் கையிலிருந்த துண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். "ரீச்சர், சனிக்கிழமை இருபத்தொண்டு. இடம் காணாது. ஒரு மோட்டச்சைக்கிள் கீறினா மூண்டு எண்டு வைப்பமே?"

அதை ஷம்னா இன்னும் படிப்பிக்கவில்லை. "வை" என்றாள். அடக்கமாகத்தான் சொன்னாள்.

சனிக்கு ஏழு படம். ஞாயிறு இருபது. ஆறு படம் குத்திவிட்டு, மிச்சம் இரண்டுக்கு என்ன செய்கிறாள் என்று ஷம்னா பார்த்துக்கொண்டு நின்றாள். கோபிகா உடம்பில்லாமல் இரண்டு சில்லு மட்டும் குத்தினாள். "முழுசுக்கு மூண்டு துண்டுதானே ரீச்சர். ஒரு துண்டுக்கு ஒண்டு."

பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் இருந்த ஷம்னாவுக்கு அது தோன்றியிருக்காது.

வெள்ளிக்கிழமை வரிசையின் கடைசியில், கொஞ்சம் தள்ளி, ஒரு மோட்டச்சைக்கிள் தனியே நின்றது. அதில் இருந்தவருக்கு மண்நிறத்தில் தொப்பி.

"இது ஆர்?"

"பொலிஸ் மாமா. மற்ற ஆக்கள் போத்தில் வாங்க வருகினம். பின்வேலியாலை அம்மா குடுப்பா. இவர் போத்தில் வாங்கிறேல்லை. அம்மா என்வலப் குடுப்பா. அதாலை மற்ற ஆக்களோடை சேக்கேலாது, வேறையாக் கீறினனான்."

போத்திலுக்குள் என்ன இருந்தது என்று ஷம்னா கேட்கவில்லை. தெரியாமல் இல்லை. களவாகக் காய்ச்சிய கசிப்பைக் குடித்துவிட்டு வேலிக்குள் விழுந்துகிடக்கிறவர்களைத் தாண்டித்தான் கிழமைக்கு இரண்டு நாள் சைக்கிளில் போய்வருகிறாள். கேட்டால் தெரிந்ததாகிவிடும், தெரிந்தால் அந்தத் தாளைச் சுருட்டிவைக்க வேண்டும். நாலாம் வகுப்பில் அதைப்போல் ஒரு தாள் வேறு இல்லை.

அடுத்த செவ்வாய் கண்காட்சி. திங்கட்கிழமை பின்னேரம் ஷம்னா மெனக்கெட்டு வந்து மண்டபச் சுவரில் படங்களை ஒட்டிக்கொண்டு நின்றபோது சீலா ரீச்சர் பின்னால் வந்து நின்றாள். நெடுநேரம் பார்த்தாள். சில்லுகளை விரலால் எண்ணினாள்.

"சரியாத்தான் செய்திருக்கு" என்றாள். பிறகு, "உந்தப் படத்தை ஒட்டாதேயும்."

"ஏன்?"

"நல்லா இராது."

"என்ன நல்லா இராது?"

சீலா ரீச்சர் வாசலைப் பார்த்தாள். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சில விசயங்கள் உண்டு. தெரியும் என்று சொல்லுவதுதான் குற்றம். இருபத்திரண்டு வருடம் அங்கே படிப்பித்தவளுக்கு அதற்குமேல் வாய் வரவில்லை. "பிரவீணன்ரை ஆட்டுப்படத்தை நடுவிலை ஒட்டும். வடிவா இருக்கு."

தகரக் கொட்டிலில் ஷம்னாவுடைய படத்தையும் இப்படித்தான் ஒரு ரீச்சர் கழற்றினாள், "வடிவான" படம் ஒட்டுவதற்கு. "கொப்பியிலை இருக்கிற பிள்ளை சுவரிலை இருந்தா உங்களுக்குக் குத்துது, என்ன?" என்றாள்.

சீலா ரீச்சர் முகத்தில் அறை வாங்கியவள்போல் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

ஷம்னா அதை நடுச்சுவரில், கதவுக்கு நேரே ஒட்டினாள். பெயரையும் வகுப்பையும் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

பிரதம விருந்தினர் யார் என்று காலையில்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் எந்த விழா என்றாலும் பொலிசுக்கு ஒரு கதிரையும் ஒரு மாலையும் உண்டு. அது அதிபர் கிறிஸ்துநாயகம் வைத்த வழக்கம். அந்த நேரத்திலும் ஷம்னா தாளைக் கழற்றியிருக்கலாம். நாலு துண்டு ஒட்டுநாடா, அவ்வளவுதான். ஆனால் கோபிகா இரட்டைப் பின்னலும் வெள்ளை றிபனுமாகத் தாளுக்குப் பக்கத்தில் காவல்நிற்பதுபோல் நின்றாள். அவளுடைய தாய் சனத்துக்குள் இல்லை. வந்திருந்தால் தானே கிழித்திருப்பாள்.

மாலையோடு வந்தவர் ஆட்டுப்படத்தைப் பார்த்துச் சிரித்தார். மீனைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நடுச்சுவருக்கு வந்தார்.

கோபிகா பிரம்பை எடுத்துப் பாடமாக்கியதை ஒப்பித்தாள். "ஒரு படம் மூன்று மோட்டார் சைக்கிளைக் குறிக்கும். ஆகக் கூடியது சனிக்கிழமை. ஆகக் குறைந்தது செவ்வாய்க்கிழமை." மூச்செடுத்தாள். பிரம்பை வெள்ளிக்கிழமைக்குக் கொண்டுபோனாள். எழுதிக் கொடுத்ததில் இல்லாததைத் தன்பாட்டில், மரியாதையாகச் சொன்னாள்:

"இது நீங்கள், மாமா."

பின்னால் ஒரு தகப்பன் சிரித்துவிட்டான். ஒரே ஒருவன்தான். பிறகு மண்டபம் முழுவதும் தன்தன் செருப்பைப் பார்த்தது.

விருந்தினரும் சிரித்தார். "கெட்டிக்காரி" என்று கன்னத்தில் தட்டினார். "இந்தப் படத்தை நான் கொண்டுபோறன், என்ன?" கிறிஸ்துநாயகமே கதிரையில் ஏறித் தாளைக் கழற்றிச் சுருட்டி இறப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமை விடிய வீட்டைச் சோதித்தார்கள். பதினொரு போத்தில். தாய்க்குப் பதினாலு நாள் விளக்கமறியல். கசிப்புக் காய்ச்சிக் கொடுக்கிறவன் அன்றைக்கும் சந்தியில் வெற்றிலை போட்டுக்கொண்டுதான் நின்றான்.

வியாழக்கிழமை ஷம்னா அந்த வீட்டுக்குப் போனாள். வல்வெட்டித்துறையிலிருந்து பெரியம்மா வந்து பிள்ளையின் உடுப்புகளை உரப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இருக்கச் சொல்லவில்லை.

"நீர்தானே அந்தப் படக்கார ரீச்சர்?"

"ஓம்."

"லோயர் சொன்னவர், பிள்ளை கீறின தாளையும் பொலிசுக்காரங்கள் வழக்கிலை குடுத்திருக்கிறாங்களாம். கனகாலமா நடக்கிற யாவாரம் எண்டு காட்ட. தாளிலை ஆறு நாள்தான் கிடக்காம்."

"ஏழு நாள்."

"வெள்ளிக்கிழமையை வெட்டிப்போட்டாங்கள்."

"நான் கோட்டுக்கு வந்து சொல்லுறன். ஏழு நாளும் இருந்தது. அண்டைக்கு மண்டபத்திலை இருந்த சனம் முழுக்கக் கண்டது."

பெரியம்மா உரப்பையை முடிந்தாள். "சனம் காணேல்லைப் பிள்ளை. கேட்டுப் பாரும். நீர் சொல்லிப்போட்டுச் சைக்கிள்ளை ஏறிப் போடுவீர். அவள் வெளியிலை வந்து இந்த வேலியோடைதான் இருக்கோணும்."



கோபிகா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் ஒரு கொப்பியும் பேனையும் இருந்தன. அழுத முகம் இல்லை. யோசித்து முடித்த முகம்.

"ரீச்சர், நான் பிழையா எண்ணிப்போட்டன் எண்டு எழுதித் தாங்கோ. நீங்கள் ரீச்சர், சொன்னா நம்புவினம். நான் மக்கு எண்டு சீலா ரீச்சரும் கையெழுத்து வைப்பாவாம், பெரியம்மா கேட்டவ."

"லோயர்தான் சொன்னவர்" என்றாள் பெரியம்மா சுவரைப் பார்த்தபடி. "பிள்ளைக்குக் கணக்குத் தெரியாதெண்டு படிப்பிச்ச ஆள் எழுதித் தந்தா, தாள் செல்லாதாம்."

"கோபிகா, நீ சரியாத்தான் எண்ணினனீ."

"எனக்குத் தெரியும்" என்றாள் கோபிகா. "ஆனா அப்பிடி எழுதாதேங்கோ."

ஷம்னா நிலத்தில் குந்தினாள். கொப்பியை முழங்காலில் வைத்து எழுதினாள். நாலாம் வகுப்பு மாணவி கோபிகா எண்களை ஒழுங்காக எண்ணவும் கூட்டவும் போதிய திறன் அற்றவர் என்பதையும், அவர் தயாரித்த வரைபு நம்பத்தக்கதல்ல என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன். கீழே பெயர். பெயருக்குப் பின்னால் பட்டம். அந்தப் பட்டத்தை அவள் ஒரு கடதாசியில் எழுதிப் பயன்படுத்தியது அதுதான் முதல்தடவை. கிறிஸ்துநாயகம் இனிச் சிவப்புக் கொப்பியை லாச்சிக்குள் ஒளிக்க வேண்டியதில்லை. அதில் இருந்ததற்கு இப்போது கையெழுத்தும் கிடைத்துவிட்டது.

கோபிகா கடிதத்தை வாங்கி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தாள். "திறன் அற்றவர்" என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு தாண்டியது.

"ஒண்டு காணாது ரீச்சர்" என்றாள். "லோயருக்கு ஒண்டு, கோட்டுக்கு ஒண்டு. அதிபர் சேரும் கேப்பார், அவருக்கு ஒண்டு."

ஷம்னா கொப்பியிலிருந்து இன்னும் இரண்டு தாள் கிழித்தாள்.