துஷாந்தினி வராத நாட்கள்

பதினோராம் தர வரவு இடாப்பில் ஏழாவது பெயரைக் கூப்பிட்டதும் வகுப்பு கப்பென்று அடங்கிவிடும். அந்த அமைதிதான் எனக்கு எரிச்சல். வேறு பிள்ளை வராவிட்டால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். சப்பாத்து காயல, தம்பிக்கு வயித்தால போகுது, பண்டாரவளைக்கு மருந்தெடுக்கப் போயிட்டாங்க. துஷாந்தினி வராவிட்டால் மட்டும் மேட்டு லயத்துப் பிள்ளைகள் நாலு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டு ஒன்றையே சொல்வார்கள்.

"காய்ச்சல் டீச்சர்."

நேற்றுக் காய்ச்சலில் கிடந்தவள் இன்று முதல் பாடத்துக்கே வந்து உட்கார்ந்து, கரும்பலகையில் நான் கணக்கை எழுதி முடிக்கும் முன்னே விடையைச் சொல்வாள். இது என்ன காய்ச்சல், சொல்லி வைத்தாற்போல் ஒரே நாளில் வந்து போகிற காய்ச்சல்? நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். பொய் சொல்லி லீவு போட்டுக் கொழுந்து மலைக்குப் போனவள்தான். எனக்கே காது குத்துகிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாக்காரி பாக்கியலெட்சுமியைக் கூப்பிட்டு அனுப்பினேன். கொழுந்து மலையிலிருந்து அப்படியே வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்றாள்.

"காய்ச்சலுங்க டீச்சர்."

"மருந்தெடுத்த துண்டு எங்க?"

"கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தோமுங்க."

என் முகத்தைப் பார்க்கவில்லை. கூட வந்த பக்கத்துக் காம்பரா பொம்பளையும் தலையை ஆட்டினாள். ஒரு லயமே சேர்ந்து ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குள் ஏதோ பெரிதாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? டீச்சர்மார் எங்களைத் தினமும் பள்ளிக்கு ஏற்றிவரும் ஆட்டோக்கார ஸனூஸ் வேறு சும்மா இருக்காமல், "எல்ல டவுன் பக்கம் வெள்ளைக்காரனுக்கு ரூம் விடுற எடத்துல துணி தொவைக்க சின்னப் புள்ளைங்களத்தான் டீச்சர் வேலைக்கு வச்சிருக்கானுங்க" என்று ஒரு புழுவை உள்ளே விட்டான். அன்றிலிருந்து துஷாந்தினியின் கைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். நகத்துக்குள் செம்மண். துணி துவைக்கிற கை அப்படியா இருக்கும்? சரி, அங்கே தோட்ட வேலையாக இருக்கும் என்று அதற்கும் நானே ஒரு பதிலைக் கண்டுபிடித்தேன். பெற்றவளே அனுப்புகிறாளே, பாவி, என்று மனதுக்குள் திட்டாத நாள் இல்லை.

ஒரு சனிக்கிழமை இடாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் வராத நாட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த நாட்களிலெல்லாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. ஓடை பெருகினால் அக்கரைப் பிள்ளைகளால் வர முடியாது. எல்லாமே மழை நாட்கள். ஆனால் மேட்டு லயத்துக்கும் பள்ளிக்கும் நடுவில் ஓடையே கிடையாது. மழையில் வெள்ளைக்காரன் ஊர் சுற்றவும் மாட்டான். அப்படியென்றால் மழை பெய்தால் மட்டும் இந்தப் பெண்ணை எங்கே அனுப்புகிறார்கள்? என் சந்தேகம் தீரவில்லை, இன்னும் மோசமாகிவிட்டது.

இதற்கிடையில் அதிபர் வீரசிங்கம் சார் முடிவாகச் சொல்லிவிட்டார். எண்பது வீத வரவு இல்லாதவர்களின் பரீட்சை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மாட்டார். துஷாந்தினி சரியாக விளிம்பில் நின்றாள். இன்னும் ஒரே ஒரு நாள் வராவிட்டால் போதும், கணக்கில் முதலாவதாக வருகிறவள் பரீட்சையே எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை. ஸனூஸை நேரே மேட்டு லயத்துக்கு விடச் சொன்னேன். ஆட்டோ ரோட்டில் நின்றது. படிக்கட்டில் இறங்கினேன். வரிசையாக ஒட்டியிருந்த பன்னிரண்டு காம்பரா வீடுகளும் பூட்டிக் கிடந்தன. எல்லோரும் மலைக்குப் போய்விட்டார்கள். லயத்தின் பின்பக்கம் போனேன்.

மண் மேட்டை ஒட்டி, உரப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு துஷாந்தினி குந்தியிருந்தாள். உடம்பில் பள்ளிச் சீருடை. மடியில் கணக்குக் கொப்பி, பக்கத்தில் ஒரு தகரத் தட்டும் கரண்டியும். அவளுக்கு முன்னால் நிலத்தில் ஒரு வெடிப்பு, என் கை நுழையும் அகலம். வெடிப்பின் இரண்டு பக்கமும் குச்சி நட்டு நடுவே நூல் கட்டியிருந்தது. மேட்டின் அடியில் ஒரு ஊற்று கசிந்தது.

"ஐயோ டீச்சர்" என்று எழுந்தாள்.

"இங்க என்னடி பண்ற?"

முதலில் காய்ச்சல் என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். பிறகு கீழே கையைக் காட்டினாள். லயத்துக்கு நேர் கீழே பிள்ளைக் காம்பரா. மலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப் போகும் இடம்.

"மேடு சரிஞ்சா அங்கதான் விழும். உள்ள பதினொரு புள்ளைங்க டீச்சர். ஆயாவுக்குக் கீழ இருந்து இது தெரியாது. நூலு இறுகினாலும் தட்டை அடிக்கணும், ஊத்துத் தண்ணி கலங்கினாலும் அடிக்கணும். பெரியவங்க நின்னா அன்னைக்குப் பேரு விழாது, சம்பளம் இல்ல. எனக்குத்தான் அளக்கத் தெரியும்."

"தோட்ட ஆபீசுல சொல்ல வேண்டியதுதானே!"

"கீழ் டிவிஷன்ல சொன்னாங்க. அளக்க வந்து, நோட்டீஸ் ஒட்டி, எல்லாரையும் கூடாரத்துக்கு அனுப்பிட்டாங்க. மூணு வருஷமா அங்கதான் இருக்காங்க. அதான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு..."

வெட்கமாக இருந்தது. பாக்கியலெட்சுமியை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்! ஆனால் கோபமும் போகவில்லை. பதினொரு உயிரைத் தூக்கிப் பதினாறு வயதுப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே. மணியைப் பார்த்தேன். எட்டு பத்து. எட்டரைக்கு அதிபர் இடாப்பை மூடிவிடுவார்.

"நீ போ. மேல ஆட்டோ நிக்குது. இன்னைக்கு நான் இருக்கேன்."

அவள் நகரவில்லை. இத்தனை மாதம் நான் அவளைப் பார்த்த அதே பார்வையை என்மேல் வைத்தாள்.

"ஃபோன் பாக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"ஆபீசுக்கும் கோல் எடுக்க மாட்டீங்களே?"

அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். பரீட்சை போயிடும்டி, ஓடு, என்று முதுகில் தள்ளினேன். போனாள். நாலு படிக்கு ஒருதரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

உரப் பையைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தினேன். நூலைப் பார்த்தேன். முன்பும் இப்படித்தான் விறைப்பாக இருந்ததா? ஊற்றைப் பார்த்தேன். தண்ணீர் பால் விடாத தேயிலைச் சாயம் போல் லேசான நிறத்தில் வந்தது. எப்போதுமே இந்த நிறம்தானா? மழையில் நிறம் மாறாமலா இருக்கும்? மனிதர்களைச் சந்தேகிக்கத் தெரிந்த எனக்கு மண்ணைச் சந்தேகிக்கத் தெரியவில்லை. கேட்டு வைத்துக்கொள்ளாமல் அவளை விரட்டிவிட்டேனே, மடச்சி. மழை வலுத்தது. சாயம் கொஞ்சம் கறுத்தது. அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. நூலை விரல் நுனியால் தொட்டேன். அது அறுந்தது.

நான் தொட்டதால் அறுந்ததா, அறுகிற நேரத்தில் தொட்டேனா, ஆண்டவனுக்குத்தான் தெரியும். தட்டை எடுத்து அடித்தேன். வெறி பிடித்தவள் மாதிரி அடித்தேன். கீழே ஆயா ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலுமாக அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். மலையில் பெண்கள் கூக்குரல் போட்டார்கள். படிக்கட்டின் உச்சியில், ஆட்டோவில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்று திரும்பினாள்.

"வராத! போடி! மூடிருவாங்க, போ!" என்று கத்தினேன். என் தட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நிறுத்திவிட்டுச் சொல்லலாம் என்றால், இன்னும் ஒன்பது பிள்ளைகள் உள்ளே. கை நிற்க மாட்டேன் என்றது.

அவள் புத்தகப் பையை ரோட்டிலேயே போட்டாள். ஈரப் படிகளில் மூன்று மூன்றாகத் தாவி இறங்கினாள். என்னைத் தாண்டும்போது முகத்தைக்கூடத் திருப்பவில்லை. நேரே பிள்ளைக் காம்பராவுக்குள் நுழைந்தாள். நான் அடித்துக்கொண்டேயிருந்தேன், அந்தக் கதவையே பார்த்தபடி.